கல்வினியரின் ஞான ஜீவியம்



நம் பங்கைச் சேர்ந்த ஒரு வாலிபர், தம் தாயாரை வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பதினைந்து நாள் கூட இருந்து பார்த்துவிட்டுச் சென்ற மாதம் திரும்பினார். அடுத்த கட்டிலில் ஓர் அம்மாள். அவருக்குத் துணையாக அவர் கணவர். இராணிப்பேட்டைப் பக்கத்தார், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். காலையும் மாலையும் வேதாகமத்தைத் திறந்து ஒரு சங்கீதம் வாசிப்பாராம். பிறகு கண்ணை மூடித் தம் சொந்த வார்த்தைகளில் ஜெபிப்பாராம். சிலுவை அடையாளம் வரைவதில்லை. தலைமாட்டில் சுரூபம் இல்லை. கையில் ஜெபமாலை இல்லை. மனைவி பிழைப்பது அரிது என்று டாக்டர் சொன்ன அன்றும் அவர் அந்த ஒழுங்கை விடவில்லை. நம் வாலிபர் ஆறுதல் சொல்லப் போனபோது, “உலகம் உண்டாகும் முன்னமே அவர் குறித்தது, தம்பி. நான் சொல்ல என்ன இருக்கிறது?” என்றாராம். நான்காம் நாள் அந்த அம்மாள் காலமானார்.

சென்ற ஞாயிறு பூசைக்குப் பிறகு அந்த வாலிபர் என்னிடம் இரண்டு காரியம் கேட்டார். “சுவாமி, அந்தப் பெரியவர் சொன்னது நம் ஊரார் சொல்லும் தலையெழுத்துத்தானா?” என்பது ஒன்று. “வருகிற சனிக்கிழமை அந்த அம்மாளுக்கு நினைவு ஆராதனை வைத்திருக்கிறார்கள், என்னையும் அழைத்திருக்கிறார். நான் போகலாமா?” என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். முதலாவதற்கு வாசற்படியில் நின்று பதில் சொல்ல இயலாது. ஆகவே இந்த வாரப் பாடம் அதைக் குறித்தே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். திருவண்ணாமலையில் உள்ள நமக்குப் ‘புரோட்டஸ்டாண்டு’ என்றாலே டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடந்தான் நினைவுக்கு வரும். அவர்கள் லுத்தருடைய வழியைச் சேர்ந்தவர்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அவர்களுடைய வேலையிலிருந்து உண்டானது. வடக்கே எண்பது கிலோமீட்டர் சென்றால் வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் வேலை செய்த ‘ஆற்காடு மிஷன்’ வேறு. 1853-ல் ஸ்கட்டர் குடும்பத்துச் சகோதரர் மூவர் அதைத் தொடங்கினார்கள். அவர்களை அனுப்பியது அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் நிறுவிய சீர்திருத்த சபை. அது கல்வினுடைய வழி. பெயரில் இரண்டிடத்தும் ஆற்காடு இருப்பதால் நம்மவர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். வேற்றுமையை அறியச் சுருக்கமான வழி ஒன்று உண்டு: பத்துக் கற்பனைகளை எண்ணச் சொல்லிக் கேளுங்கள். லுத்தரன் பிள்ளை நம்மைப் போலவே எண்ணும். மோக பாவத்தைப் பற்றியது ஆறாம் கற்பனை. கல்வினுடைய வழியில் அது ஏழாவது. ஏனெனில் ‘விக்கிரகம் செய்யாதே’ என்பதை அவர்கள் தனிக் கற்பனையாகப் பிரித்து, இரண்டாவதாக வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையிலேயே அவர்களுடைய ஞான ஜீவியத்தில் பாதி அடங்கியிருக்கிறது.

ஆற்காடு மிஷன் சபைகள் 1908-ல் அமைந்த தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்திருந்து, அதன் வழியாக 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி பிறந்த தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. அத்திருச்சபையில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் உள்ளனர். ஆதலால் இன்று அங்கே காணப்படுவதெல்லாம் கல்வினியம் என்று சொல்வது பிசகு. ஆயினும் அந்தப் பெரியவரின் வாயில் வந்த சொல் பழைய வேரிலிருந்து துளிர்த்ததே.

ஜான் கல்வின் 1509-ம் ஆண்டு பிராஞ்சு தேசத்தில் நுவாயோன் என்ற ஊரில் பிறந்தார். பாரீஸ் நகரில் அவர் படித்த மோந்தேகு கல்லூரியில், ஏறக்குறைய அவர் வெளியேறிய சமயத்தில், வயது முதிர்ந்த மாணவராக வந்து சேர்ந்தவர் அர்ச். இஞ்ஞாசியார். நம் முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்த அர்ச். சவேரியாரும் அக்காலத்தில் அதே பாரீஸில் வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஒரே நகரம், ஒரே காலம். எவ்வளவு தூரம் பிரிந்து போனார்கள்! கல்வின் 1536-ல் தம் பெரிய நூலை வெளியிட்டார். அதை விரித்து விரித்து எழுதி 1559-ல் முடித்தார். இடையில் மூன்று ஆண்டு தவிர, 1536 முதல் 1564-ல் இறக்கும் வரை ஜெனீவா நகரிலேயே போதித்தார். தம் கல்லறைமேல் பெயர் பொறித்த கல் வைக்கக்கூடாது என்று சொல்லிப் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெயரில்லாத அந்தக் கல்லறையைச் சற்று யோசித்துப் பாருங்கள். கல்வினியரின் ஞான ஜீவியம் முழுவதும் ஒரே ஊற்றிலிருந்து பாய்கிறது: மகிமை சர்வேசுரன் ஒருவருக்கே. மனிதன் தன் பங்கு என்று எதையும் எடுத்துக்கொள்ளலாகாது. நம் ஞானோபதேசமும் சர்வேசுரனுடைய மகிமைக்காகவே நாம் உண்டாக்கப்பட்டோம் என்று படிப்பிக்கிறது. ஆனால் நாம் அந்த மகிமை அர்ச்சியசிஷ்டர்களிடத்தும், தேவமாதாவிடத்தும், அப்பம் இரசம் எண்ணெய் முதலிய சிருஷ்டிகளிடத்தும் வந்து தங்கிப் பிரகாசிக்கிறது என்று விசுவசிக்கிறோம். கல்வினியரோ, சிருஷ்டியின்மேல் தங்கும் மகிமை சிருஷ்டிகரிடமிருந்து களவாடப்பட்டதாகி விடுமோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை விளங்கிக்கொண்டால், மற்றவை தாமே விளங்கும்.

அதனால்தான் அவர்களுடைய பழைய கோவில்களின் சுவர் வெறுமையாக இருக்கும். சுரூபமில்லை; சுடரில்லை; நடுவே பிரசங்க மேடை. நம் அடி அண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இது வினோதமாகத் தோன்றும். பௌர்ணமி தோறும் நம் தெருவழியே லட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பக்தி என்றால் கால் நடக்கும், கை கூப்பும், கண் தரிசிக்கும். கல்வினியருக்கோ பக்தியின் வாசல் காது. தேவ வார்த்தை வாசிக்கப்பட்டு, விளக்கப்பட்டு, காதில் விழும்போது சர்வேசுரனே பேசுகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே பிரசங்கம் அவர்களுக்கு வெறும் புத்திமதி அல்ல.

காதில் விழுந்ததற்கு மறுமொழி சங்கீதம். தாவீதரசரின் நூற்றைம்பது சங்கீதங்களையும் சாதாரண ஜனங்கள் பாடத்தக்க செய்யுளாக்கி 1562-ல் ஜெனீவாவில் முடித்தார்கள். வாத்தியமின்றி, தாய்மொழியில், சபை முழுவதும் ஒரே குரலில் பாடினார்கள். உழவனும் தையற்காரனும் சங்கீதங்களை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். அக்காலத்து நம் கோவில்களில் ஜனங்கள் எவ்வளவு சங்கீதம் அறிந்திருந்தார்கள் என்று கேட்டால் நாம் சற்றுத் தலைகுனியத்தான் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்குப் பின் நம் பூசையில் முதல் வாசகத்தின் பிறகு சங்கீதம் தமிழிலேயே பாடப்படுகிறது. அதை எத்தனை பேர் வாய் திறந்து பாடுகிறோம் என்பது வேறு விஷயம்.

இனி அந்தப் பெரியவரின் சொல்லுக்கு வருவோம்.

கல்வினியர் ‘முன்குறித்தல்’ என்று சொல்வதைத் தமிழர் கேட்டவுடன் தலைவிதி என்று எண்ணிக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. விதிக்கு முகம் கிடையாது. அது யாரையும் அறியாது, யாரையும் நேசிக்காது. கல்வின் சொன்னது முகமுள்ள ஒரு பிதாவின் தீர்மானம். மனிதன் பாவத்தால் முழுவதும் கெட்டுக் கிடக்கிறான். தன்னால் எழுந்திருக்க மாட்டான். சர்வேசுரன் தம் சுத்த இரக்கத்தால் சிலரை ஆதியிலேயே தெரிந்துகொண்டார். அவர்களுக்கு விசுவாசத்தைத் தாமே கொடுக்கிறார். கொடுத்ததைக் கடைசிவரை காப்பாற்றுகிறார். ஆகவே விசுவாசிக்குத் தன் மனதின் ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கவலை இல்லை. நம் ஊர் வைணவர் சொல்லும் உவமை இங்கே உதவும். வடகலையார், குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போல ஆத்துமா இறைவனைப் பற்ற வேண்டும் என்பர். தென்கலையார், பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வது போல என்பர். கல்வின் தென்கலைக்காரர்! ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகே அந்தப் பெரியவர் கலங்காமல் நின்றது, பூனையின் வாயிலிருக்கும் குட்டியின் நிம்மதி. அதைப் பரிகசிக்க நமக்கு உரிமையில்லை. வரப்பிரசாதம் முந்திக்கொள்கிறது, நாம் பின்தொடர்கிறோம் என்பது அர்ச். அகுஸ்தீன் போதித்த போதனை; நம் திருச்சபையின் போதனையும் அதுவே.

ஆனால் எந்தத் தாய்ப் பூனையும் சில குட்டிகளைக் கவ்விச் சென்று மற்றவற்றை விட்டுவிட முன்னமே தீர்மானித்திருப்பதில்லை. இங்கேதான் நாம் பிரிகிறோம். சிலர் மோட்சத்துக்குக் குறிக்கப்பட்டதுபோல மற்றவர் நித்திய நாசத்துக்குக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கல்வின் எழுதினார். எழுதும்போதே அது நடுங்கத்தக்க தீர்மானம் என்று ஒப்புக்கொண்டார். தீமைக்கென்று யாரையும் சர்வேசுரன் முன்குறித்தார் என்ற போதனையை 529-லேயே ஓராஞ்சுச் சங்கம் தள்ளிவிட்டது. 1547-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம், வரப்பிரசாதம் மனிதனைத் தூண்டி எழுப்பும்போது அவன் சுயாதீனமாய் உடன்படவும் கூடும், தள்ளவும் கூடும் என்று தீர்த்துச் சொன்னது. எல்லா மனிதரும் இரட்சிப்படையவே சர்வேசுரன் சித்தமாயிருக்கிறார் என்பது அர்ச். சின்னப்பரின் வாக்கு. தேவமாதா கபிரியேல் தூதரிடம் உரைத்த சம்மதம் வெறும் சடங்கு அன்று. சர்வேசுரன் அதற்காகக் காத்திருந்தார்.

இந்தப் பேதம் பண்டிதருக்கு மாத்திரம் உரியது என்று எண்ண வேண்டாம். ‘நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா, அல்லவா?’ என்ற கேள்வி ஒரு ஆத்துமாவைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சாட்சிகளைச் சொல்கிறேன்.

ஒருவர் ஜான் பனியன். இங்கிலாந்தில் பெட்போர்டு பக்கத்தில் ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்தவர். அந்தக் கேள்வி அவரை வருஷக்கணக்காக வாட்டியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அநுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறையிலிருந்தார். 1678-ல் அவர் வெளியிட்ட யாத்திரைக் கதையே தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று வழங்குகிறது. அதைத் தழுவி, பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பாடிய காப்பியம் 1894-ல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்கள் அதன் பெயரையாவது கேட்டிருப்பார்கள். முதுகில் பெருஞ்சுமையோடு ஒரு மனிதன் ஓடுகிறான். சிலுவையைக் கண்டமாத்திரத்தில் சுமை அவிழ்ந்து விழுகிறது. கல்வினியரின் ஞான ஜீவியத்தை ஒரு சித்திரத்தில் காட்டச் சொன்னால் அதுதான் சித்திரம். (பனியன் தம் நூலில் பாப்பரசரைப் பல்போன கிழ இராட்சதனாகக் குகை வாசலில் உட்கார வைத்திருக்கிறார். நாம் சிரித்துவிட்டு மேலே வாசிக்கலாம்.)

மற்றவர் நம் அர்ச். பிராஞ்சீஸ்கு சலேசியார். பாரீஸில் மாணவராக இருந்தபோது, ஏறக்குறைய இருபது வயதில், தாம் நரகத்துக்குக் குறிக்கப்பட்டவரோ என்ற பயங்கரம் அவரைப் பற்றிக்கொண்டது. ஊண் உறக்கம் போயிற்று. ஒரு நாள் தேவமாதாவின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, மறுமையில் எப்படியானாலும் இம்மையில் உம்மை நேசிப்பேன் என்று சர்வேசுரனிடம் தம்மைக் கையளித்தார்; பயம் நீங்கியது. அவர் 1602-ல் ஜெனீவாவுக்கே மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். நகரம் கல்வினியர் கையில் இருந்தபடியால் அன்னெசியில் வசித்தார். சமையற்கட்டிலும் கடைத்தெருவிலும் இருப்பவர்களும் புண்ணிய சாங்கோபாங்கம் அடையலாம் என்று 1609-ல் அவர் எழுதிய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. நம் வேலூர் மேற்றிராசனத்தில் உழைத்த சலேசிய சபையார் அவருடைய பெயரையே தாங்கியவர்கள்.

பனியனும் சலேசியாரும் ஒரே நெருப்பில் நடந்தார்கள். ஆகையால் அந்த நெருப்பு ‘அவர்கள் பக்கத்துது’ என்று சொல்ல முடியாது. ஜான்செனியம் என்ற பெயரில் அதே கடுமை நம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 1653-ல் பாப்பரசர் அதைக் கண்டித்த பிறகும், தகுதியில்லை தகுதியில்லை என்று ஜனங்களைத் திவ்விய நற்கருணையிலிருந்து விலக்கி வைத்த மனப்பான்மை 1905-ல் அர்ச். பத்தாம் பத்திநாதர் அடிக்கடி நன்மை வாங்கும்படி கட்டளையிடும்வரை ஒழியவில்லை.

நற்கருணை என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும். கல்வின் அதை அற்பமாக நினைத்தார் என்று நம்மவர் சொல்வது தவறு. ஞாயிறுதோறும் இராப்போசனம் நடக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். நகர ஆலோசனைச் சபையார்தான் ஆண்டுக்கு நான்கு தடவை போதும் என்று கட்டினார்கள். ஆனால் அப்ப இரசத்தின் பொருள் மாறுகிறது என்பதை அவர் மறுத்தார். கிறிஸ்துநாதர் மோட்சத்திலேயே இருக்கிறார்; இஸ்பிரீத்துசாந்து நம் ஆத்துமாவை அங்கே உயர்த்தி அவரால் போஷிக்கிறார் என்பது அவருடைய போதனை. நாமோ, அவர் நம் பீடத்துக்கு மெய்யாகவே இறங்கி வருகிறார் என்று விசுவசிக்கிறோம். பழைய விஷயந்தான் இது: மகிமை மேலேயே இருக்க வேண்டுமா, தாழ இறங்கலாமா?

இறங்காத மகிமைக்கு மனிதன் என்ன கைம்மாறு செய்வது? இவ்விடத்தில் கல்வினியரிடம் நாம் மனமாரக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1563-ல் உண்டான ஹைடல்பர்க் ஞானோபதேசம் அந்தச் சபைகளின் முக்கியமான பாடநூல். 129 கேள்விகள், ஆண்டின் 52 ஞாயிறுகளுக்குப் பங்கிடப்பட்டவை. அதன் மூன்று பாகங்கள்: மனிதனின் நிர்ப்பாக்கியம், அவனுடைய மீட்பு, அவனுடைய நன்றியறிதல். கற்பனைகளையும் ஜெபத்தையும் அது மூன்றாவது பாகத்தில் வைத்திருக்கிறது. மோட்சத்தைச் சம்பாதிக்க அல்ல, மோட்சம் கிடைத்ததற்கு நன்றியாகவே நற்கிரியை. ஆகவே அவர்களுக்கு அன்றாட உத்தியோகமே ஒரு ‘அழைப்பு’. செருப்புத் தைப்பவனும் சர்வேசுரனுக்கு முன் தன் தொழிலைச் செய்கிறான்; நேரத்தை வீணாக்கான், வரவு செலவை ஒளிக்கான், ஆடம்பரம் செய்யான்.

வேலூர் ஆஸ்பத்திரியின் கதையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அதை ஸ்தாபித்த ஐடா ஸ்கட்டர் அம்மாள் 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனெரி ஆவதில்லை என்று தீர்மானித்திருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றும்படி கெஞ்சினார்கள்: ஒரு பிராமணர், வேறொரு இந்து, ஒரு முகம்மதியர். ஐடாவின் தந்தை டாக்டர். ஆனால் ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட மூவரும் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். அந்த இரவில் ஐடா அழைப்பைக் கேட்டார். அமெரிக்கா சென்று வைத்தியம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு வேலையைத் தொடங்கி, 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி ஏற்படுத்தி, 1960-ல் இறந்தார். இன்று நம் பங்கில் அந்த ஆஸ்பத்திரிப் படியை மிதிக்காத குடும்பம் எத்தனை?

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபுறத்தையும் மறைக்கலாகாது. 1553-ல், திரித்துவத்தை மறுத்த செர்வெத்துஸ் என்ற வைத்தியர் ஜெனீவாவில் கல்வின் காலத்திலேயே உயிரோடு எரிக்கப்பட்டார். (நம்மவரும் அக்காலத்தில் அதையே செய்தார்கள், கைகழுவ நமக்குத் தண்ணீர் இல்லை.) நமக்கு நெருங்கிய உதாரணம் யாழ்ப்பாணம். 1658-ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள்; குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. உத்தியோகம் வேண்டியவர்கள் சீர்திருத்த சபையில் பெயரெழுதிக் கொண்டார்கள். கோவாவிலிருந்து அர்ச். சூசை வாஸ் சுவாமி 1687-ல் பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலை முதலிய இடங்களில் இராத்திரி வேளையில் பூசை செய்தார். 1795-ல் ஆங்கிலேயர் வந்து வற்புறுத்தல் நின்றபோது, பதிவேட்டிலிருந்த பெரும் சபை பனிபோல் கரைந்தது. விசுவாசம் சர்வேசுரன் மாத்திரமே கொடுக்கும் வரம் என்று யாரைவிடவும் அழுத்திப் போதித்தவர்கள், அதை அரசாங்க முத்திரையால் கொடுக்க முயன்றார்கள். தங்கள் போதனையையே அவர்கள் போதுமான அளவு நம்பவில்லை. வாஸ் சுவாமிக்கு 2015-ல் கொழும்பு நகரில் பாப்பரசர் பிரான்சிஸ் அர்ச்சியசிஷ்ட பட்டம் சூட்டினார்.

காலம் மாறியிருக்கிறது. மனிதன் நீதிமானாவது தன் புண்ணியத்தால் அல்ல, கிறிஸ்துநாதரிலுள்ள விசுவாசத்தின் வழியாய் வரப்பிரசாதத்தாலேயே என்று லுத்தரன் சபையாரும் நம் திருச்சபையும் 1999-ல் கூட்டாக அறிக்கையிட்டார்கள். 2017 ஜூலை 5-ல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதில் சேர்ந்துகொண்டது. பேதங்கள் அத்தனையும் தீர்ந்துவிடவில்லை. நான் மேலே எழுதியவற்றில் பல இன்னும் நிற்கின்றன.

இனி வாலிபரின் இரண்டாம் கேள்வி. மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன். போகலாம். வேதவாசகத்தைக் கேட்கலாம், சங்கீதம் பாடலாம், கூட ஜெபிக்கலாம். இராப்போசனம் நடந்தால் அதில் பங்கு பெறலாகாது. அதைப் பற்றி யாருக்கும் வாக்குவாதமாக விளக்கவும் வேண்டாம், மரியாதையாய் இருக்கையில் அமர்ந்திருந்தால் போதும். தண்ணீராலும் பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலும் அவர்கள் பெற்ற ஞானஸ்நானம் மெய்யான ஞானஸ்நானம். ஆகையால் அவர்களை அஞ்ஞானிகள் என்று பேசுவது பாவம். மரித்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது அவர்கள் வழக்கமல்ல. இறந்தவர் ஏற்கெனவே கர்த்தரின் கையில் இருக்கிறார் என்று நன்றி மாத்திரம் செலுத்துவார்கள். நாம் வேண்டிக்கொள்கிறவர்கள். ஆகவே அங்கே அவர்களோடு நன்றி செலுத்திவிட்டு, திரும்பி வரும் வழியில் அந்த அம்மாளின் ஆத்துமாவுக்காக ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லும்படி அவரிடம் கூறினேன். சனிக்கிழமை காலைப் பேருந்தில் போய், இருட்டியபின் வீடு திரும்பினார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லையாம், அன்றைக்குத்தான் அழுதாராம்.